இரண்டாவது திருகு

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் டிரம்ஸ் வாசித்தேன். சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டி வாசித்தவர் ஈர்க்குச்சி போல இருப்பார். அவர் எழுப்பும் ஒலியோ மேடைப் பலகையை நடுங்க வைக்கும். பழைய பாகங்களை வாங்கி, ஒயர்களால் இணைத்து அவரே கட்டிய பெட்டி அது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில், தனக்கு வியர்த்துக் கொட்டினாலும், விசிறியால் பெட்டிக்குத்தான் வீசுவார்.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"உள்ள ரெண்டு சுருதி ஓடுதுப்பா. ரெண்டும் ஒட்டிக்கினா சத்தம் சோப்ளாங்கி ஆயிடும். மயிரிழை வெலகி நின்னாத்தான் தடியா, மொரட்டுத்தனமா வரும். சூடேறினா ரொம்ப வெலகிடும்."

அந்த மயிரிழையைக் காத்தவர் அவர் மனைவி. கச்சேரி முழுக்கப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, காதால் கேட்டே, இரண்டாவது சுருதியை நகர்த்தும் இரண்டாவது திருகைத் துளித்துளியாகத் திருப்பிக்கொண்டிருப்பார்.

மஞ்சள் காமாலையில் அந்த அம்மா போய்விட்டார். அடுத்த மாதம் மண்ணூர்த் திருவிழாவுக்கு இவர் தனியாக வந்தார். மேடை விளக்குகளின் சூட்டில் இரண்டு சுருதியும் விலகி விலகி, சண்டை போடுவதுபோல் உறுமின. கூட்டத்தில் விசில் கிளம்பியது. "நிறுத்துய்யா" என்றது ஒரு குரல்.

நான் எழுந்து போய் அந்தத் திருகில் கை வைக்கப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம்பா. அவ கடைசியா வெச்சிட்டுப் போன எடம் அது."

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் ஒரு கையால் வாசித்தார். மறு கையால், பாட்டு முடியும்வரை, பெட்டிக்கு விசிறிக்கொண்டே இருந்தார்.