அவர்கள் கேட்ட மண்

வெள்ளைக்காரர்கள் மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தில் நாங்கள் கலும்பாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசர். டாக்டர் மாதம் ஒருமுறை தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அப்பாதான் டாக்டர்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுத்துவிடுவார்கள் என்று மலைக்காட்டுப் பூர்வகுடிகளைப் பட்டாளத்தார் லோரியில் ஏற்றிவந்து, எங்கள் தோட்டத்து எல்லையில் முள்வேலிக்குள் வைத்தார்கள். அரிசியும் கருவாடும் சும்மா கிடைத்தன. கொடுத்துவைத்தவர்கள் என்று தொழிலாளர் லயத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் பொறாமைப்பட்டேன். அந்தக் கொடுத்துவைத்தவர்கள்தான் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா பிரசவத்துக்காக உலு யாமில் மாமா வீட்டில் இருந்ததால், அப்பா என்னையும் வேலிக்குள் கூட்டிப்போவார். எனக்கு எட்டு வயது. அங்கே ஒரு பெண்ணின் மடியில் கைக்குழந்தை ஒன்று நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. அது பிழைத்தால்தான் என் தம்பியும் நல்லபடியாகப் பிறப்பான் என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

அப்பா கொடுத்த மருந்து எதுவும் குழந்தைக்குக் கேட்கவில்லை. வேறு என்னதான் வேண்டும் என்று ஒருநாள் மலாயில் கேட்டார். அந்தப் பெண் மலையைப் பார்த்தபடி ஒரே சொல் சொன்னார்.

"தானா."

மலாயில் தானா என்றால் மண். அது எனக்குத் தெரியும். இவ்வளவுதானா என்றிருந்தது. அப்பா ஏன் மருந்துப் பையை மூடினார் என்றுதான் விளங்கவில்லை.

மறுநாள் ஒரு பால் டின் நிறைய மண் அள்ளிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டு வாழையடி மண். கறுப்பாக, ஈரமாக, நல்ல மண். அந்தப் பெண் வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. டின்னை அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. திரும்பும் வழியில் அப்பாவிடம் முறையிட்டேன்.

"அவுங்க கேட்டது இந்த மண்ணு இல்லம்மா," என்றார் அப்பா. "அவுங்க சொந்த மண்ண கேக்குறாங்க. அத நான் எங்க போயி வாங்கியாறது?"

பாவம், அப்பாவுக்கு இடம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, மலையிலிருந்து ஓடிவரும் சிற்றாற்றின் கரைவரை நடந்தேன். மலை மண்ணாகப் பார்த்து விரலாலேயே தோண்டினேன். வேலியோரம் வந்து சேர்ந்தபோது, அந்தப் பக்கம் சின்னக் குழி ஒன்றை மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.