பாதியில் நிறுத்த வேண்டிய மூச்சு

கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க இப்போதெல்லாம் முதலிலேயே ஊசி குத்துவதில்லை, வெளியிலிருந்தே ஸ்கேன் கருவியை வைத்து அதன் விறைப்பை அளந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பாதி உயிர் திரும்பியது. என் மகளுக்கு இருபத்து நான்கு வயது. பொன்னேரியில் உட்கார்ந்தே செய்யும் வேலை. உடம்பு பெருத்தது, சர்க்கரை வந்தது, பிறகு கல்லீரலில் கொழுப்பு என்றார்கள். ரத்தப் பரிசோதனையும் சரியில்லை.

"குடிக்காத பொண்ணுக்கு இன்னாடி ஈரல் நோவு?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். அது ஏளனமா அக்கறையா என்று யோசிக்கவும் எனக்குத் தெம்பில்லை.

போன வாரம் வெறும் வயிற்றோடு அவளை அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுக்கும் பெண் அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, விலா இடுக்கில் ஜெல் தடவினார். நான் கால்மாட்டில் நின்றேன்.

"சாதாரணமா மூச்சு விடும்மா. சொன்னதும் அப்படியே நிறுத்து."

சொன்னதும் என் மகள் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அடக்கினாள்.

"இழுக்காதேம்மா, அளவு கூடிடும். இருக்கிற மூச்சிலேயே நில்லு."

தலையாட்டினாள். மறுபடியும் நெஞ்சு புடைத்தது.

ஏரியில் கையால் இறால் பிடிக்கும் குடும்பம் எங்களுடையது. பள்ளி லீவு நாளெல்லாம் அவள் தன் நைனாவோடு கழுத்தளவு நீரில் நின்று, முங்கி, சேற்றைத் துழாவியவள். மூச்சை நிறுத்து என்றால் முங்கப் போகிறோம் என்றுதான் அவள் உடம்புக்குத் தெரியும்.

"இன்னாம்மா, கடல்லயா குதிக்கப் போற?"

"கடல் இல்லக்கா, ஏரி."

இருவரும் சிரித்தார்கள். நான் திரையில் மாறும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய எண் வந்தால், அது இழுத்த மூச்சால் வந்தது என்று சொல்லிக்கொண்டேன். சின்ன எண் வந்தால் மட்டும் நம்பினேன்.

டாக்டர் எதையும் நம்பவில்லை. "ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலம்மா. தழும்பு இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல. அடுத்த வாரம் மறுபடி எடுத்துப் பார்ப்போம்."

"அப்பவும் இப்படியே வந்தா?"

"வேற ஸ்கேன் இருக்கு. அதுலயும் தெளிவாகலன்னா, கடைசியா ஊசி போட்டுத் துளி சதை எடுக்க வேண்டி வரலாம்."

என் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில்கூட அவள் அப்படிப் பிடித்ததில்லை.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் போன் செய்தார். "இன்னாமே சொன்னாங்க? நல்லா கீறாளா?"

"தெரியலையாம்."

"மெஷினு வெச்சுப் பாத்துமா தெரில?"

பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும் பாயில் படுக்கவைத்து, விலாவில் கைவைத்துப் பழக்குகிறேன். நான் நிறுத்து என்று சொல்வதற்கு முன்பே என் கைக்கடியில் நெஞ்சு ஏறிவிடுகிறது.

"எப்பவும் விடற மாதிரி விடுடி."

"எப்பவும் எப்படிம்மா விடுவேன்?"

நானே விட்டுக் காட்டலாம் என்று பார்த்தேன். கவனித்துவிட்டால் என் மூச்சும் சரியாக வரவில்லை.

"நீ பாக்காதப்ப விடறதுதாம்மா சாதாரணம். கைய எடு," என்றாள்.

எடுத்தேன். செவ்வாய்க்கிழமை அவள் மறுபடி அந்தக் கட்டிலில் படுக்க வேண்டும். நான் இந்த முறை வெளியே உட்கார்ந்துகொள்ளப் போகிறேன்.