மெயினை இறக்கக் கூடாது

மெமரி கார்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே தினேஸ்வரி கேட்டுவிடுவார்: "இடி இடிச்சுச்சா?"

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, "யாரு மெயின எறக்குனது?" இல்லை என்றால் நம்ப மாட்டார். ஈப்போவில் பிற்பகல் மழைக்கு இடி இல்லாமல் வரத் தெரியாது. நம் ஆட்களுக்கு இடி கேட்டால் மெயின் சுவிட்சை இறக்காமல் இருக்கத் தெரியாது. நானும் இறக்கியவன்தான். பாட்டுப் பெட்டியின் கார்டைக் கொண்டுபோய் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இவ்வளவு எழுதுறீங்க, நீங்களுமா லா, அண்ணே?"

கைப்பேசி உறை விற்கும் கமருதீன் கடையின் பின்பகுதியில் ஒரு மேசையளவு இடம் அவருடையது. ஆணியில் தே ஐஸ், அதாவது ஐஸ் போட்ட தேநீர், பொட்டலமாகத் தொங்கும். கையிலுள்ள வேலை முடிந்தால்தான் உறிஞ்சுவார், அதற்குள் ஐஸ் கரைந்து வெறும் தண்ணீராகியிருக்கும். வந்த கார்டுகளை, நோயாளிகள் ஏழு நாள் மாத்திரை போட்டுவைக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் கிழமை வாரியாகப் போட்டுவைப்பார். வயது நாற்பத்திரண்டு. கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் பூதக்கண்ணாடிக்குள் பார்த்த கண். தொழிற்சாலை மூடியபோது கையோடு வந்தது அந்தப் பார்வையும் ஒரு மூக்குக்கண்ணாடியும்தான்.

அவர் பார்ப்பது உள்ளங்கை அகலமே உள்ள கணினிப் பலகைகள். ஒரு மெமரி கார்டை வைத்துக்கொண்டு காமிரா ஓட்டும், பாட்டுப் போடும். புதிதாக எழுதிய கார்டை முதல்முறை செருகினால் அது தன்னைத் தானே நீட்டிக்கொள்ளும். எழுதியது கொஞ்சம், கார்டு பெரியது. மிச்ச இடத்தையெல்லாம் தன்னுடையதாக்கிக்கொண்டு, எது எங்கே என்ற பட்டியலை அங்கங்கே போட்டுக்கொண்டே போகும். "ஒரு ரூம்புக்கு வந்தவன் வீடு பூரா பாய் விரிக்கிறான் பாருங்க, அந்த மாதிரி" என்பார் தினேஸ்வரி. பாய் பாதி விரிந்திருக்கும்போது யாராவது மெயினை இறக்கினால் பட்டியல் ஒன்று சொல்லும், கார்டு ஒன்று சொல்லும், பெட்டி எழுந்திருக்காது. காமிரா பதிவு செய்துகொண்டிருக்கும்போது இறக்கினாலும் அதே கதிதான்.

அதைச் சரிசெய்ய அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் கார்டு முழுவதையும் அப்படியே நகல் எடுப்பார். நகல் எடுக்காமல் கார்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டார். பிறகு அறுந்த இடங்களைத் தேடிக் கட்டி, மிச்சத்தைத் தன் கையாலேயே நீட்டிவிடுவார். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

பத்து காஜா ஊர்ப் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்த ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பதினொரு காமிராப் பெட்டிகள் செய்து கொடுத்திருக்கிறார். மோட்டார் சைக்கிள் திருட்டு அங்கே அதிகம். ஒவ்வோர் இடிக்கும் ஒரு பெட்டி விழுந்தது, ஒவ்வொரு முறையும் இவர் மழையில் மோட்டாரில் ஓடினார். கடைசியில் பெட்டிக்கு ஒரு நீல பென்டிரைவ் கொடுத்து, மூடியின் உட்புறம் தன் கையெழுத்தில் ஒரு தாளும் ஒட்டினார்.

'பெட்டி நின்றுவிட்டால் நீல பென்டிரைவைச் செருகவும். கார்டு புதிதாக எழுதப்படும். பச்சை விளக்கு அணையும் வரை காத்திருக்கவும். இடி இடித்தாலும் மெயினை இறக்கக் கூடாது.' கடைசி வரிக்குச் சிவப்பில் இரண்டு கோடு.

சென்ற வாரம் நான் போனபோது சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் ஐயாவு உட்கார்ந்திருந்தார். அந்தத் தோட்டத்துக்காரர், அறுபது வயது இருக்கும். மடியில் துண்டு சுற்றிய பெட்டி. அவர் மகள் ஷாமினி, இருபத்து நான்கு வயது, சனிக்கிழமை மாலை வேலை முடிந்து மோட்டாரில் திரும்பும்போது, தோட்டத்து முனையில் ஒரு லோரி அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர் யாருமில்லை. அந்த முனையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஐயாவு வீட்டுக் காமிரா ஒன்றுதான்.

"திங்கக்கெழம இடியில யாரோ மெயின எறக்கிட்டாங்க, பெட்டி செத்துப்போச்சு. மறுநாள் போலிஸ் வந்து ரெக்கார்டிங் கேட்டாங்க" என்றார் ஐயாவு. "மூடியத் தொறந்தேன், நீங்க எழுதி ஒட்டியிருந்தீங்க தங்கச்சி. ஒன்னு விடாம அப்படியே செஞ்சேன். நடுவுல இடி பொளந்துச்சு. பக்கத்து வீட்டு மாரியம்மா எறக்க ஓடியாந்துச்சு. விடலையே நான். சுவிட்ச் மேல கைய வச்சிக்கிட்டு அர மணி நேரம் நின்னேன். இப்ப பெட்டி நல்லா ஓடுது. பழசு மட்டும் காணோம். எடுத்துருவீங்கள்ல?"

தினேஸ்வரி திரையின் பக்கம் திரும்பினார். திரையில் கார்டின் நகல் முழுவதையும் தேடுகிற வேலை இரண்டாவது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. துண்டு துண்டாகக் காட்சிகள் வந்தன. நாய்கள். டுரியான் பழம் ஏற்றிய வேன். காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் ஷாமினி. மறுபடியும் ஷாமினி, வேறொரு காலை. ஐயாவு எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இது வெள்ளிக்கெழம. மழக்கோட்டு போட்டுருக்கு." போகிற காலைகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. என்னால் அங்கே இருக்கவே முடியவில்லை, எழுந்து போகவும் மனம் வரவில்லை.

ஐயாவு கோப்பி வாங்கப் போனபோது தினேஸ்வரி வாய் திறந்தார்.

"புதுசா எழுதுனது கொஞ்ச எடந்தான் அண்ணே. மிச்சத்துல நீண்டுக்கிட்டே போட்ட பட்டியல்தான் பழசு மேல போய் ஒக்காந்துச்சு. நீள ஆரம்பிச்சப்பவே கரண்டு போயிருந்தா முக்காவாசி பழசு அப்படியே கெடந்திருக்கும். நகல் எடுக்காம நான் எதையும் தொடமாட்டேன். அந்தத் தாள்ல அத எழுதல, எனக்கு போன் பண்ணுங்கன்னுகூட எழுதல." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "எந்தத் தோட்டத்துலயும் என் பேச்ச ஒருத்தரும் கேட்டதில்ல. இவரு ஒருத்தர்தான் கேட்டாரு."

ஐயாவு மூன்று கோப்பிப் பொட்டலங்களோடு திரும்பினார். சற்று நேரத்தில் தேடல் முடிந்து திரை நின்றது. சனிக்கிழமை மாலை வந்திருக்க வேண்டிய இடத்தில் பட்டியல்தான் இருந்தது, புத்தம் புதிதாக, ஒரு பிழையும் இல்லாமல். தினேஸ்வரி அதை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது மலைப்பக்கம் இடி உருண்டது. கமருதீன் முன்பக்கத்திலிருந்து மெயினை நோக்கி வந்தார். அதற்குள் ஐயாவு எழுந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்று, சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"நீங்க பாருங்க தங்கச்சி. யாரையும் தொட விடமாட்டேன்."

"வேல முடிஞ்சிருச்சுண்ணே" என்றார் தினேஸ்வரி. "அந்தச் சாயங்காலம் இல்ல. நான் எழுதி ஒட்டுனதுதான் அழிச்சிருச்சு."

ஐயாவு கையை எடுக்கவில்லை. அடுத்த இடி கடைக்கு மேலேயே விழுந்தது. தினேஸ்வரி எழுந்து போனார். சுவிட்சின் மேலிருந்த ஐயாவுவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, மெயினைத் தானே இறக்கினார்.