கொண்டை சிவக்கும் வரை

இன்னும் முட்டை வைக்காத இளம் வெடைக்கோழி விற்கிறவனிடம் யாரும் விலையை முதலில் கேட்பதில்லை, "எப்போ முட்டை வைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும். கேரித் தீவுத் தோட்டங்களில் இளம் பெட்டைகளைச் சேர்த்து, டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் கிள்ளானைக் கடந்து பிரிக்பீல்ட்ஸ் வரை கொண்டுபோவேன்.

வெளுத்த கொண்டை

ரயில்வே குவார்ட்டர்ஸில் செல்லம்மா அக்கா இருந்தார். ரயில்வேயில் கணக்கு எழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணியின் மனைவி. கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. மரவள்ளிக்கிழங்கையே தின்று சின்ன மகளுக்குக் கால் வீங்கிவிட்டது. முட்டை கொடுத்தால் தேறுவாள் என்று ஆஸ்பத்திரி டிரஸர் சொல்லியிருந்தார். மச்சமே புழங்காத சைவ வீடு அது. இருந்தும் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கொடுத்து ஒரு பெட்டையை வாங்கிக்கொண்டார்.

"கொண்டை வெளுத்திருக்கு பாருங்கக்கா. நல்லா சிவக்கட்டும், அப்புறம் முட்டை வெச்சிடும்" என்றேன்.

அக்கா மகள் படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தார்.

"அது சிவக்குமட்டும் பிள்ளை தாங்குவாளோ, தம்பி?"

தொட்டுப் பார்ப்பது

அடுத்த முறை போனபோது கொண்டை சிவந்திருந்தது, முட்டையைக் காணோம். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோழி விற்றவர் என்றால் அந்தப் பார்வை உங்களுக்கும் பழக்கமாக இருக்குமே! முட்டை வைக்கப்போகிற பெட்டை முதுகில் கை வைத்தால் பதுங்கிக் குந்த வேண்டும், வாலுக்கடியில் இரண்டு எலும்புக்கு நடுவே மூன்று விரல் வைக்க இடம் வேண்டும். இதற்கு ஒரு விரல் இடம்தான் இருந்தது. தினமும் தொட்டுப் பாருங்கள் என்றேன். கோழியைத் தொட்டே அறியாதவர், முந்தானையைக் கையில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டார். கோழி துள்ளியது, அவரும் துள்ளினார். பிறகு முந்தானையை அவிழ்த்தார்.

"துணிக்குள்ளால ஒண்டும் விளங்கேல்லை. வெறுங்கையாலயே பாக்கிறன்."

சாம்பல்

பிறகு ஒருநாள் ஜப்பான் சிப்பாய்கள் வீடு வீடாகக் கோழி பிடிக்க வந்தார்கள். என் கூடை தெருமுனையிலேயே பறிபோயிருந்தது. அக்காவிடம் சொல்ல ஓடினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுப்புச் சாம்பலைக் குழைத்துக் கோழியின் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் அப்பினார்.

சிப்பாய் அதைத் தூக்கினான். சாம்பல் பூத்த கொண்டையைப் பார்த்தான். சீக்குக் கோழி என்று நினைத்திருக்க வேண்டும். கீழே போட்டுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே போனான். அக்கா கோழியை மடியில் வைத்துக் கொண்டையைக் கழுவினார்.

"காலமை பாத்தனான், மூண்டு விரல் வைக்கலாம். இண்டைக்குப் பாத்து இதை விடுவனே, தம்பி?"

பாதி முட்டை

முட்டை வந்துவிட்டது. அக்கா அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. கொல்லையில் மூன்று கல் வைத்துப் பால் டின்னில் அவித்துக் கொடுத்தார். சில வாரம் கழித்துப் போனேன். மகளின் கால் வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் டின்னில் பாதி முட்டை அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டேன். மகள் காதில் விழாமல் அக்கா சொன்னார்.

"தகப்பனுக்கெண்டு ஒவ்வொரு நாளும் பாதி வைக்கிறாள். அவள் நித்திரையானதும் நான் திண்டுபோட்டு, அப்பாவுக்கு அனுப்பியாச்சு எண்டு சொல்லுறன்."

கோழிக்கு நாள் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்தப் பிள்ளை அப்பா எப்போ வருவார் என்று நாள் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், அதன்பின் அந்த வாசலில் சைக்கிள் மணியடிக்கக் கை வரவில்லை.