விலை இறங்கட்டும்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. கடையில் எல்லோருக்கும் அவள் கண்ணக்கா. கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்குகிறவர்கள் கூடிப் பேசும் இணையப் பலகையில் அவள் 'பொறு அக்கா'. யார் வந்து புது ஆட்டம் ஒன்றைக் காட்டி வாங்கலாமா என்று கேட்டாலும் அவள் எழுதும் பதில் ஒரே சொல்தான்: பொறு.

பெரிய கம்பெனிக்காரர்களின் ஆட்டமெல்லாம் அவளுக்கு ஆகாது. துப்பாக்கியும் கையுமாக ஓட வயதில்லை என்பாள். மூன்று பேரோ நான்கு பேரோ ஓர் அறையில் உட்கார்ந்து செய்த சின்ன ஆட்டங்கள்தான் அவளுக்கு உயிர். நத்தை ஒன்று வீடு மாற்றுவது, தூசி படிந்த நூலகத்தைத் துடைத்து அடுக்குவது, லிஃப்ட் ஓட்டுகிறவரின் ஒரு நாள், இப்படி. இவற்றில் பலவற்றை ஆரம்பத்தில் கொஞ்சம் இலவசமாக ஆடிப் பார்க்க விடுவார்கள். விட்டால் போதும், அவள் விடமாட்டாள்.

அதற்கு அவள் வைத்திருக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, ரொட்டியில் எதையாவது தடவித் தின்றுவிட்டு, முட்டை வேகவைக்க வாங்கிய சின்ன மணிக்கடிகாரத்தை முப்பது நிமிடத்துக்குத் திருகி மேசைமேல் வைப்பாள். ஆடுவாள். நடுவில் ஒரு தடவை கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டால் அந்த ஆட்டம் தேறாது. மணி அடிக்கும்போது 'அட, அதற்குள்ளா' என்று தோன்றினால் தேறும். பிறகு பலகையில் ஒரே வரி விமர்சனம். "பூனை மட்டும் நன்றாக நடித்திருக்கிறது, அதற்காகக் காசு கொடுக்கலாம்" என்று ஒன்றுக்கு எழுதினாள். "முதல் கால் மணி நேரம் தேன், மிச்சமெல்லாம் வரிசையில் நிற்பது" என்று இன்னொன்றுக்கு. அவள் வாயால் நல்ல பேர் வாங்குவது லேசு இல்லை என்று பலகையில் பேச்சு.

தேறிய ஆட்டத்தையாவது உடனே வாங்குவாளா என்றால், அதுதான் இல்லை. ஒரு பட்டியலில் போட்டு வைத்து, முக்கால் பங்கு விலை குறைந்ததும் போனில் மணி அடிக்கும்படி செய்துவிட்டுக் காத்திருப்பாள். காசில்லாமல் இல்லை. முழு விலை கொடுப்பது அவளுக்கு யாரிடமோ தோற்றுப்போகிற மாதிரி. இப்படிக் காத்திருந்து காத்திருந்து வாங்கிய ஆட்டங்கள் முந்நூற்றுச் சொச்சம். அதில் பாதியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. வாங்கி முடித்ததும் அவளுக்கு ஆசை அடங்கிவிடும். என்ன பிறவியோ!

வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள் உட்காருவாள், மற்றதில் துவைத்து மடிக்காத துணி உட்கார்ந்திருக்கும். கல்யாணம் ஒன்று நடந்து, நான்கு வருஷத்தில் சண்டை சச்சரவு இல்லாமலே அவரவர் வழி என்று ஆகிப்போனது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்க ஆள் இருக்காது. திங்கட்கிழமை காலையில் கடைக்கு வரும் முதல் ஆளின் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்கும்போதுதான் தொண்டை கரகரக்கும். ஒரு நாள் முழுக்கப் பேசாத தொண்டை அப்படித்தான் இருக்கும்.

ரத்த சொந்தம் என்று மிச்சம் இருப்பது தம்பி ஒருவன். ஐந்து வயது இளையவன். ஏழு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் மேற்பார்வை வேலை. அவனும் தனிக்கட்டைதான். சின்ன வயதில் அப்பா எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரே கீபோர்டை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டு ஆடுவார்கள். நடக்கிற பொத்தான்கள் அக்காவுக்கு, குதிக்கிற பொத்தான் தம்பிக்கு. பள்ளம் வந்ததும் அவள் "குதிடா" என்பாள். அவன் அரை நொடி முந்திக் குதித்துக் காரியத்தைக் கெடுப்பான். தலையில் ஒரு குட்டு விழும்.

அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு பேச்சு குறைந்தது. மனஸ்தாபம் எதுவும் கிடையாது. அதுதான் சிக்கல். சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசவாவது போன் பண்ணலாம். இவள் சும்மா கூப்பிட்டால் "என்னக்கா, ஏதாவது விசேஷமா?" என்பான். விசேஷம் ஒன்றும் இல்லை என்றதும் இரண்டு பக்கமும் மௌனம். அந்த மௌனத்துக்குப் பயந்தே அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவனும் பிறந்த நாளைக்கு ஒரு வாழ்த்து அனுப்புவதோடு சரி.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் சாயங்காலம் அவனிடமிருந்து திடீரென்று ஒரு செய்தி வந்தது. "அக்கா, ரெண்டு பேர் சேர்ந்து ஆடற கேம் ஒண்ணு இன்னிக்கு வந்திருக்கு. ஆடலாமா?" மலை உச்சியில் இருக்கும் தபால் நிலையத்துக்கு மூட்டை தூக்கிப் போகும் இரண்டு பேரின் கதை. செய்தியைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாளவில்லை. பழக்க தோஷம், உடனே விலையைப் பார்த்தாள். செய்தவர்களின் பழைய ஆட்டங்கள் எத்தனை மாதத்தில் எவ்வளவு இறங்கின என்று தோண்டித் துருவி ஆராய்ந்துவிட்டுத்தான் பதில் போட்டாள்: "முழு விலை சொல்றான். பொறு, விலை இறங்கட்டும்." அவன் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்குள் அது முடியவில்லை. அந்த ஆட்டத்தின் விலை முக்கால் பங்கு இறங்குகிற நாளில் தம்பியைக் கூப்பிட அவளிடம் ஒரு காரணம் இருக்கும். "என்ன விசேஷம்" என்று கேட்டால் சொல்ல விசேஷம் இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து ஆடலாம், ஆடிக்கொண்டே எதையாவது பேசலாம், யாருக்கும் கூச்சமாக இருக்காது. இதை நினைத்துக்கொண்டே இரண்டு வருஷம் ஓட்டினாள். பாழாய்ப்போன விலையோ நூற்றுக்கு இருபது இறங்கியது, முப்பது இறங்கியது, பாதிக்கு வந்து பிடிவாதமாக நின்றது. பாதிக்கு வந்தபோது கை பரபரத்தது. இவ்வளவு நாள் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுக்கமாட்டேனா என்று கையை அடக்கிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை, கடையில் ஒருவருக்குக் கடைசி வரி எழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது போனில் மணி அடித்தது. முக்கால் பங்கு இறங்கிவிட்டது. போதாததற்கு, தூரத்தில் இருக்கிற ஒருவருக்கு அனுப்ப இன்னொரு பிரதி இலவசம். ஒரே அறையில் ஆடுகிறவர்களுக்கு ஒரு பிரதியே போதும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. அது நமக்கு எதற்கு என்று தள்ளிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, வாங்கினாள். தம்பிக்குச் சொல்லும் முன் ஒரு தடவை தானே பார்த்துவைக்கலாம் என்று திறந்தாள். பாதை நன்றாக இருந்தது. பனி, மரப்பாலம், தூரத்தில் ஒரு விளக்கு. பதினொரு நிமிடம் நடந்ததும் ஓர் இரும்புக் கதவு வந்தது. கதவின் முன்னால் இரண்டு கற்பலகை. இரண்டிலும் ஆள் நின்றால்தான் திறக்கும். ஒன்றில் ஏறி நின்றாள். மற்றது காலியாக இருந்தது. தலைகீழாக நின்றாலும் ஒற்றை ஆளால் இதற்கு மேல் போக முடியாது. சரி என்று மூடிவிட்டு, இலவசப் பிரதியைத் தம்பியின் பெயருக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் எழுத்து வந்தது: இவரிடம் இந்த ஆட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

அவளுக்குச் சுருக்கென்றது. அடப்பாவி! இவள் இரண்டு வருஷமாக அவனுக்காக விலையைப் பார்த்துக்கொண்டு கிடக்க, அவன் வாங்கி ஆடியே முடித்துவிட்டான். ஒற்றையாக ஆட முடியாத ஆட்டம் வேறு. அப்படியானால் யாரோ ஒருத்தர் அந்த இன்னொரு பலகையில் ஏறி நின்றிருக்கிறார். கிடங்கில் கூட வேலை செய்கிறவனாக இருக்கும். இல்லை, யாராவது ஒருத்தி. இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று வாய்விட்டே சொன்னாள். கூட ஆடுகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் ஒரு வருஷத்துக்கு மேலாக அணைந்தே கிடந்ததும் இப்போது புரிந்த மாதிரி இருந்தது. நம் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருக்கிறான் என்று தீர்மானித்தாள். ஞாயிறு முழுக்க மடிக்காத துணியை மடித்து, மறுபடி கலைத்து, மறுபடி மடித்தாள்.

திங்கட்கிழமை ஒரு பெரியவரின் சீட்டில் வலது கண்ணின் பவரை இடது கண்ணிலும் இடதை வலதிலும் எழுதிவிட்டாள். இருபது வருஷத்தில் நடக்காதது. வில்லை வெட்டுகிறவர் பழைய சீட்டோடு ஒத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லாதவள் மாதிரி முகம் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் இணையப் பலகையில் யாரோ அதே ஆட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். மொத்தம் எத்தனை மணி நேரம் வரும், வாங்கலாமா என்று. அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவன் ஒருத்தன் இருக்கிறானே, எத்தனை மணி நேரம் கூத்தடித்திருக்கிறான் பார்ப்போம் என்று வயிற்றெரிச்சலோடு தம்பியின் பக்கத்தைத் திறந்தாள். ஒவ்வொரு ஆட்டத்தையும் எவ்வளவு நேரம் ஆடினான், கடைசியாக என்று ஆடினான் என்று அங்கே இருக்கும்.

மலை ஆட்டம். ஆடிய நேரம்: நாற்பது நிமிடம். கடைசியாக ஆடிய நாள் இரண்டு வருஷத்துக்கு முன்பு. அந்த ஆட்டம் வெளிவந்த அதே நாள்.

நாற்பது நிமிடத்தில் மலை ஏற முடியாது. கதவு வரைக்கும் பதினொரு நிமிடம், அது அவளுக்கே தெரியும். மிச்சம் இருபத்தொன்பது நிமிடம் அவன் என்ன செய்தான்? போனை எடுத்துப் பழைய செய்தியைத் தேடிப் போனாள். விரல் வலிக்கத் தள்ளவேண்டிய தூரமில்லை, நடுவில் இரண்டு பிறந்த நாள் வாழ்த்துகள்தான் இருந்தன. ஆடலாமா என்று அவன் கேட்டது ஆறு நாற்பத்தொன்றுக்கு. விலை இறங்கட்டும் என்று அவள் பதில் போட்டது ஏழு பத்துக்கு.

அவன் முழு விலை கொடுத்து வாங்கி, கதவு வரைக்கும் போய், பலகையில் ஏறி நின்றுகொண்டுதான் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் பதில் வரும்வரை அங்கேயே நின்றிருக்கிறான். அந்த நேரம் முழுக்க இவள் விலையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். பதில் வந்ததும் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு மூடியவன், பிறகு திறக்கவே இல்லை. வேறு யாரும் அந்தப் பலகையில் ஏறவில்லை. ஏற ஆள் இருந்திருந்தால் இவளை ஏன் கூப்பிடுகிறான்? அவளுக்கு அழுகை வந்தது. துணி இல்லாமல் காலியாக இருந்த இரண்டாவது நாற்காலியைப் பார்த்து இன்னும் அழுதாள்.

மூக்கைச் சிந்திவிட்டு, என்ன பேசுவது என்று ஒரு வார்த்தைகூட யோசிக்காமல் அவனைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, ஏதாவது விசேஷமா?"

"ஒண்ணும் இல்லடா. சும்மாதான்."

வழக்கமான மௌனம் வந்தது. கிடங்கில் ஏதோ யந்திரம் உறுமுவது கேட்டது. இந்தத் தடவை அவள் மௌனத்துக்குப் பயப்படவில்லை.

"அந்த மலை கேமை அன்னிக்கே வாங்கிட்டியாடா?"

"ஆமாக்கா" என்றான்.

"ஏன்டா சொல்லல?"

"முழு விலைக்கு வாங்கிட்டேன்னு சொன்னா திட்டுவ. அதான்."

இப்போது தன்னிடமும் இருக்கிறது என்றும், இன்றைக்கே ஆடலாம் என்றும் அவள் சொன்னாள். குரல் அவளுக்கே கெஞ்சுகிற மாதிரி கேட்டது. அவன் கம்ப்யூட்டர் போன வருஷமே கெட்டுப்போனதாம். தனியாக உட்கார்ந்து என்ன ஆடுவது என்று சரி செய்யாமலே விட்டுவிட்டானாம். அணைந்து கிடந்த பெயருக்கு இதுதான் அர்த்தம். அவள் உடனே, நல்லதாக ஒன்று தானே வாங்கி அனுப்புவதாகச் சொன்னாள்.

"பொறுக்கா" என்று அவன் சிரித்தான். "விலை இறங்கட்டும்."

கேலியாகத்தான் சொன்னான். அவளால் சிரிக்க முடியவில்லை. அதற்குள் அங்கே யாரோ அவனைக் கூப்பிட, அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

இணையப் பலகையில் அந்தக் கேள்வி இன்னும் காத்திருந்தது. வாங்கலாமா? "கூட ஆட ஆள் இருந்தால் இப்போதே வாங்கு, விலையைப் பார்க்காதே" என்று எழுதினாள். பொறு அக்காவுக்குக் காய்ச்சலா என்று கீழே நான்கு பேர் கேட்டார்கள். அவள் அதைப் படிக்க நிற்கவில்லை. ரயில் டிக்கெட் பக்கத்தைத் திறந்தாள். அடுத்த மாதம் செவ்வாய்க்கிழமை போனால் பாதி விலை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வருகிற சனிக்கிழமைக்கு எடுத்தாள். மடிக்கணினியைப் பையில் வைத்து, இரண்டு பேர் பிடித்து ஆடப் பழைய கீபோர்டு ஒன்றையும் அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்தாள். ஒரே அறையில் ஆடுகிறவர்களுக்கு ஒரு பிரதி போதும். பிறகு தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்: "சனிக்கிழமை வரேன்."

அவன் ஒரு நிமிடம்கூடக் காக்கவைக்கவில்லை.

"இந்த சனிக்கிழமையா? டிக்கெட் கொள்ளை விலையா இருக்குமேக்கா."

"இருக்கட்டும்" என்று எழுதினாள்.