கன்று வேண்டாம், கற்பூரம் போதும்

மலேசியாவில், பகாவுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குக் கீழே மாடு மேய்க்க, தோட்டத்துத் தமிழர்களும் அடுத்த குடியேற்றக் கிராமத்து மலாய்க்காரர்களும் சேர்ந்து நாங்களே ஒரு குழு வைத்திருக்கிறோம். எந்த வாரம் எந்தப் பகுதி என்று முறை போட்டுக்கொள்வோம். மாடு தின்று தீராத இடத்தில் மட்டும் புல்லுக்கு மருந்து அடிப்போம். அடித்தால் ஓரத்து மரங்களில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். சட்டம் இவ்வளவுதான்.

துணி கட்டாத இடத்தில் மேய்ந்து என் சினை மாடு செத்தது. மருந்து அடித்தவர் எதிர்வீட்டுக்காரர், அவரும் குழுவில் ஓர் ஆள்.

கொட்டகையில் கூட்டம் போட்டோம்.

“கட்டினேன்லா தங்கச்சி. காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும்.”

“உங்க மாடு மட்டும் அந்தப் பக்கமே போவலையே. காத்து அதுங்ககிட்ட சொல்லிட்டுப் போச்சாண்ணே?”

தலைவர் வயதான மலாய்க்காரர், நல்ல மனிதர். குழுவின் கிடேரிக் கன்று ஒன்றை எனக்குத் தருவதாகவும், இத்தோடு விட்டுவிடும்படியும் மலாயில் சொன்னார். கன்றை வாங்கிக்கொண்டால் வழக்குத் தீர்ந்தது என்று எங்கள் கோயில் சாமி முனியாண்டி சும்மா இருந்துவிடுவார்.

“கன்னு வேணாம். துணி கட்டினேன்னு சொல்லி, கோயில்ல கற்பூரத்த அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணட்டும்” என்றேன்.

என் வீட்டுக்காரர் காதோரம் குனிந்தார். “உனக்குக் கன்னு வேணுமா, அவன் விளங்காம போவணுமா?”

“பேசாம உட்காருங்க.”

பொய்ச் சத்தியம் செய்தவனைச் சாமி விடாது. கோயிலுக்குப் போகும் வழியெல்லாம், எதிர்வீட்டுக்காரர் மனசு மாறி உண்மையைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. உள்ளங்கையால் ஒரே அடி. கற்பூரம் அணைந்தது.

அப்படியும் சிலர் நம்பாமல், குழுவிலிருந்து அவரை நீக்கச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். தலைவர் தன் நெஞ்சில் கை வைத்து என்னைப் பாராட்டினார். நீக்கினால் அவர் மாடுகளை விற்றுவிட்டு செண்டாயானில் மகன் வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு என்ன நடந்தாலும் எனக்கு யார் வந்து சொல்வது?

இனி மருந்து அடிக்கும் இடத்துக்கு இரண்டு பேர் போக வேண்டும் என்று முடிவானது. அவரோடு போக நானே பெயர் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது முனியாண்டிக்கு ஒரு வார்த்தை ஞாபகப்படுத்துகிறேன். மற்ற நாளில் எதிர்வீட்டுக்காரரையே கேட்டுக்கொள்கிறேன்.

“உடம்பு எப்படிண்ணே இருக்கு?”

“நல்லாதான் இருக்கேன்லா.”

“பாத்துக்குங்க.”