புழு அறையும் மாட்டுக் கொட்டாயும்

கெலமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அப்போது சேலம் ஜில்லா. ஐம்பதுகளில் நடந்தது இது. வீட்டில் பட்டுப்புழு வளர்த்தோம். எனக்கு இரைப்பு. சளி பிடித்தால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி போலக் கத்தும். படுக்க முடியாது. உட்கார்ந்தே விடியும்.

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் குளிர் எலும்பில் இறங்கும். புழு அறையில் மட்டும் குளிர் கிடையாது. புழுவுக்கு ஆகாது என்று ஜன்னலைச் சாக்கால் அடைத்து, மூலையில் கணப்புச் சட்டி வைத்திருப்பார்கள். வீட்டிலேயே நல்ல இடம் அதுதான். அம்மா எனக்கு அங்கேதான் பாய் போடுவாள். முட்டைக்கென்று விட்டுவைத்த கூடுகளை உடைத்துக்கொண்டு பூச்சிகள் வரும். தலைக்கு மேல் படபடக்கும். வெள்ளைத் தூள் போர்வையெல்லாம் படியும். காலையில் அம்மா உதறிப் போடுவாள்.

அந்தக் கார்த்திகையில் அத்தையைப் பெண் பார்க்கக் காவேரிப்பட்டினத்திலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அத்தை, அப்பாவின் தங்கை. அதற்கு முன்னால் வந்தவர்கள் என் இரைப்புச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போயிருந்தார்கள். "இது வம்சத்துல இருக்குற நோவு. நாளைக்கி பொண்ணுக்கும் வரும்" என்று வாசலிலேயே சொன்னார்கள். அத்தை அன்று சாப்பிடவில்லை.

இந்த இடமும் தட்டிப்போகக் கூடாது. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார். "புள்ளய கொட்டாய்ல படுக்க வையி. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும்."

கொட்டாயில் இரண்டு பசு, ஒரு கன்று. சாணி, மூத்திரம், வைக்கோல். கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்று இருட்டின பிறகுதான் போவேன். முதல் ராத்திரி இரைத்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவர்கள் வந்த அன்றைக்குச் சத்தமே இல்லை. கன்றுக்குப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கியிருந்தேன்.

இனி உள்ளே விடுவார்கள், அத்தை பக்கத்தில் உட்காரலாம் என்று பின்கதவுக்குப் போனேன். அம்மா கோழியை விரட்டுகிற மாதிரி கையை வீசினாள். திரும்பி வந்து சாணி அள்ளினேன்.

மாப்பிள்ளையின் அம்மா மாடுகளைப் பார்க்க வேண்டும் என்று பின்பக்கம் வந்தார். பெண் வீட்டு மாட்டைப் பார்த்தால் வீட்டைத் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். அம்மாவும் கூட வந்தாள்.

"இது யாரு?"

அம்மா யோசிக்கவே இல்லை. "மாடு பாக்குற புள்ளைங்க."

"நல்லா தெடமா இருக்குதே! எங்க ஊட்லயும் நாலு மாடு கெடக்குது. பொண்ணோட சேத்து இதயும் அனுப்புறீங்களா?"

அம்மா சிரித்தாள். "அவங்க ஊட்ல கேட்டுச் சொல்றேங்க."

"ஏம் புள்ள, வர்றியா? வயிறு முட்ட ராகிக் களி போடறேன்."

"வர்றேங்க" என்றேன்.

"பாத்தீங்களா, கேட்டதும் கெளம்பிடுச்சு!" என்று அவர் சிரித்தார். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் வண்டி ஏறினதும் அம்மா வெந்நீர் வைத்து என்னைக் குளிப்பாட்டினாள். தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். தன் புடவையால் தலையைத் துவட்டி, புழு அறையில் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் இரண்டு போர்வை போட்டுப் படுக்க வைத்தாள்.

மறுபடி இரைப்பு வந்தது. முன்னே அப்படி வந்ததில்லை. தையில் மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம். நான் போகவில்லை. எனக்காக அம்மாவும் போகவில்லை. என் முதுகைத் தடவிக்கொண்டே, "உன்னக் கொண்டுபோயி குளிர்ல போட்டனே, பாவி நானு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என்னைக் கொட்டாய்ப் பக்கமே விடவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வயதான பிறகு ஓசூரில் ஒரு டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். பூச்சித் தூள்தான் உங்களுக்கு எமன் என்றார். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் எப்போதும் கிருமிகள் குடியிருக்குமாம். சில கிருமி சளியோடு சேர்ந்து இரைப்பைக் கிளப்பிவிடுமாம். சில கிருமி, தூசியைக் கண்டு மிரளாதே என்று உடம்பைப் பழக்குமாம். மாட்டோடு வளர்கிற பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது ஜாதி நிறைய என்றார். பாதி புரிந்தது.

கொட்டாயில் எனக்கு நன்றாக மூச்சு வந்ததை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. அவள் அழுதபோதும் சொல்லவில்லை. சொன்னால், மாட்டோடு கிடப்பதுதான் எனக்குச் சரி என்று ஆகிவிடும், நிஜமாகவே நான் மாடு பார்க்கிற பிள்ளைதான் என்று ஆகிவிடும் என்று நினைத்தேன்.